பெரியம்மாவின் கிரைண்டர்: பழுதுபார்த்த கதை

சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்’ என்று ஒரு முனகல் மட்டும். கல் சுற்றாது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் சூடான வார்னிஷ் வாடை வரும். மோட்டார் வேலை தெரிந்தவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டதுமே, மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போய்விட்டது என்பார்கள். கண்டென்சர் போயிருந்தது உண்மைதான். ஆனால் அடிமூடியைத் திறந்து பார்த்தால், அதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடலாம் என்கிற நிலைமை இல்லை. அதனால் பதிவு கொஞ்சம் நீளும்.

இது என் பெரியம்மாவின் கிரைண்டர். அவர் போன வருடம் தவறிவிட்டார். சிங்கப்பூரில் அவருடைய ஈசூன் வீட்டைக் காலி செய்தபோது பாத்திரம், புடவை, சாமி படம் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கிரைண்டரை மட்டும் யாரும் தொடவில்லை. கனம் ஒரு காரணம், ஓடாதது இன்னொரு காரணம். “தேக்காவுல பாக்கெட் மாவு கிடைக்குது, இது எதுக்குடா?” என்றாள் அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள். தேக்கா என்பது இங்கே லிட்டில் இந்தியா பக்கம். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஐடிஇ தொழிற்கல்லூரியில் மின்பணி படித்தவன், இப்போது கட்டடப் பராமரிப்பு வேலை. மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்காமல் குப்பைக்கு அனுப்ப எனக்குக் கை வராது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேசைமேல் வைக்கிற ரகம். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் ஒரு கல், அதன்மேல் உருளும் கூம்புக் கற்கள் இரண்டு. பாத்திரம் சுற்றும், உருளைகள் இருந்த இடத்திலேயே உருளும். 1996-ல் ஊருக்குப் போனவர் கோவையில் வாங்கி, விமானத்தில் கொண்டுவந்தார். உடைந்துவிடும் என்று பயந்து உருளைக் கற்களை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டாராம். சோதனையில் நிறுத்தி இது என்ன என்று கேட்டதற்கு, “இட்லி” என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னதாக அவரே சொல்லிச் சிரிப்பார். வெட் கிரைண்டர் கோவைச் சரக்கு. 1955-ல் பி. சபாபதி அங்கே செய்து விற்க ஆரம்பித்தது முதல் அந்த ஊருக்கே அது ஒரு தொழில். 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நம்முடையதில் பெயர்ப்பலகையின் எழுத்து எப்போதோ தேய்ந்து போய்விட்டது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அதே 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே வாங்கிய மோட்டார் இங்கே அப்படியே ஓடும். பிளக் மட்டும்தான் வேறு.

பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்த இயந்திரத்துக்குள் இருந்தது எதுவும் புரியாது. 1970களில் நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஏறி வந்தவர். பெரியப்பாவுக்கு செம்பவாங்கில், முன்பு பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமாக இருந்த கப்பல் பட்டறையில் வேலை. அந்தக் கப்பலில் 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் பயணமே நின்றது. அதற்கு முன்பே என் அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் அவர் வரவழைத்திருந்தார். பிறகு பெரியப்பாவின் தம்பி, அப்புறம் ஊர்க்காரர்கள், ஊர்க்காரர்களின் ஊர்க்காரர்கள். ஈசூனில் இருந்தது மூவறை வீடு. அப்படியென்றால் படுக்கையறை இரண்டு, ஒரு கூடம், ஒரு சமையலறை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பழைய கடித உறையைத் தேடி எடுத்தாலும் மேலே இருப்பது அந்த முகவரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இட்லி. வேலை அனுமதியில் வந்த பையன்கள் தேக்காவுக்குப் போகிற வழியில் வருவார்கள். வழி என்றால் ஈசூன் தேக்காவுக்கு வழியே இல்லை, வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். “சாப்டியான்னு கேக்காதீங்க, தட்டை வைங்க” என்பது வீட்டுப் பெண்களுக்கு அவர் போட்ட உத்தரவு. அடுத்த உத்தரவு சாப்பிட்டவனுக்கு. “தம்பி, அந்தக் குழாய் சொட்டுது, என்னன்னு பாரு.” ஃபேன், குழாய், கதவுக் கீல், கிரைண்டர், ஏதாவது ஒன்று. விருந்துக்கு வந்தவனை வேலை வாங்குகிறாரே என்று என் அம்மா ஒருமுறை கேட்டதற்கு, “சும்மா தின்னுட்டுப் போனா அடுத்த வாரம் கூச்சப்பட்டு வரமாட்டான்டி” என்றாராம்.

இனி வேலைக்கு வருவோம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரத்தையும் உருளைகளையும் எடுத்து, உடம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நான்கு கால்களில் மூன்று கறுப்பு ரப்பர், நான்காவது நீலம். ஜப்பான் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டி, நடுவில் வாஷர் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது: ஒரு கால் அறுந்து போனதிலிருந்து கிரைண்டர் தரையில் தடதடவென்று ஆடும், கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி மேலே வந்துவிடுவார். செருப்புக்கால் வந்தபிறகு சத்தம் குறைந்தது. ஆண்ட்டி வருவது மட்டும் குறையவில்லை, தோசைக்காக. அந்தக் காலை அப்படியே விட்டுவிட்டேன். அதிர்வை அது மற்ற மூன்றையும்விட நன்றாக வாங்குகிறது.

அடித்தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது மாவு. பல வருடங்களாகக் கசிந்து, காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினேன். மோட்டார் பக்கம் ஈரம் போகாமல் பாலிதீன் பையால் மூடிக்கொள்ள வேண்டும். சுரண்டியதில் ஒரு தோட்டுத் திருகு கிடைத்தது. அதைக் காணோம் என்று அக்கா ஒரு தீபாவளி முழுவதும் அழுதிருக்கிறாள். படம் எடுத்து அனுப்பினேன், “தோடே இப்ப இல்லடா” என்று பதில் வந்தது.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த பேப்பர் டேப். அதில் பெரியம்மாவின் கையெழுத்து, மார்க்கர் பேனாவில், ஒன்றன்கீழ் ஒன்றாக:

“பெல்ட் எம் 32. தேக்கா. சின்னவன் போட்டான்.”
“புஷ், பின் ரெண்டும். அவங்க.”
“சுவிட்ச், பிளக். புதுக்கோட்டைத் தம்பி.”
“2003 பேரிங். மன்னார்குடித் தம்பி. காசு வாங்கல.”
“2011 கண்டென்சர் 4.”
“2020 ஓட்டவே இல்ல.”

அவங்க என்றால் பெரியப்பா. சின்னவன் என் சின்ன மாமா. 2020-ல் ஏப்ரல் முதல் தங்கும் விடுதிகளை மூடி, பையன்கள் யாரும் வெளியே வரமுடியாமல் போனது. அந்த வருடம் கொஞ்ச காலம் எங்களுக்கும் அந்த வீட்டுக்குப் போக வழியில்லை. தனக்கு மட்டும் அரைக்க அவர் மிக்சியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு உடனடியாக உதவியது முதல் வரி. பழைய பெல்ட்டில் எண் அழிந்து போயிருந்தது. டேப்பில் எம் 32 என்று இல்லாவிட்டால் நூலைச் சுற்றி அளந்து, கடையில் இரண்டு மூன்று அளவு வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எம் என்பது பெல்ட்டின் அகல வகை, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். பின்னால் வருவது அங்குலத்தில் நீளம். வீட்டில் இயந்திரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், இப்படி உள்ளே எழுதி வையுங்கள். கையேடு தொலைந்துவிடும், தகடு தொலையாது.

கண்டென்சரை முதலில் முடித்தேன். பழையதைத் தொடுமுன் அதிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைக் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, வேண்டாம். மீட்டரில் அளந்தால் 4 மைக்ரோபேரட் இருக்கவேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. ஒற்றைக் கட்ட மோட்டார் தானாகக் கிளம்புவதற்கு இதுதான் உந்துதல் தருகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மோட்டார் தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றி, கையை எடுத்தபிறகு சுவிட்சைப் போடுங்கள். எந்தப் பக்கம் சுற்றிவிட்டோமோ அந்தப் பக்கமே ஓடும். ஓடினால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது, கண்டென்சர் செத்துவிட்டது. நம்முடையது இரண்டு பக்கமும் ஓடியது. சிம் லிம் டவரில் புதிதாக வாங்கினேன். அதே 4, வோல்ட் 440. மைக்ரோபேரட் அளவு மாறக்கூடாது, வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களைத்தான் பிடிக்க வேண்டும். தேய்ந்துவிட்டால் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும், அடிப்பக்கம் பளபளக்கும். பழையது கண்ணாடியாகப் பளபளத்தது. கோவையிலிருந்து வந்த மற்ற உதிரிகளோடு இதுவும் சிராங்கூன் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் கிடைத்தது. கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிற அளவு இறுக்கம் போதும். அதற்குமேல் இறுக்கினால் பேரிங்குக்குத்தான் கேடு.

பேரிங்தான் பெரிய வேலை. மோட்டாரில் உள்ளவை நன்றாக இருந்தன. பாத்திரத்தைத் தாங்கும் தண்டின் பேரிங்குகளைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. கசிந்த மாவுத் தண்ணீர் நேராக அதன் தலையில்தான் இறங்கியிருக்கிறது. சரி, கழற்றலாம் என்று புல்லரை மாட்டி இழுத்தால் மேல் பேரிங் அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, மறுபடி இழுத்தும் அப்படியே. இதற்குமேல் பலம் கொடுத்தால் தண்டு வளையும் என்று நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் டேப்பில் இருந்த மன்னார்குடித் தம்பி நினைவுக்கு வந்தார். எனக்கு அவர் அண்ணன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், உயரமான ஆள், அவ்வளவுதான் ஞாபகம். அக்காவிடம் எண் இருந்தது. பெரியம்மா தவறியபோது அவர்தான் ஊரிலிருந்து முதலில் கூப்பிட்டாராம். இப்போது மன்னார்குடியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டு, கேமராவைக் கிரைண்டரின் வயிற்றுக்குள் காட்டினேன்.

“அட, அம்மா கிரைண்டரா?” என்றார். பிறகு, “தம்பி, இழுக்காதீங்க, இழுக்காதீங்க. அதுல சர்க்ளிப் இருக்கு.”

இருக்கவே இருக்காது என்று தோன்றியது. சர்க்ளிப் என்றால் பேரிங் நகராமல் தண்டில் மாட்டும் வளையம், இந்த ரகத்தில் கம்பெனி அதைப் போடுவதில்லை. “நான் போட்டது தம்பி. அந்த பேரிங் மேல ஏறி ஏறி வந்துக்கிட்டே இருந்துச்சு. பட்டறைக்குக் கொண்டுபோய் தண்டுல காடி வெட்டி மாட்டினேன். மாவைச் சுரண்டிப் பாருங்க.” சுரண்டினேன். கிரீசும் மாவும் மூடிய அடுக்குக்குக் கீழே வளையம் இருந்தது, இரண்டு கண்ணும் தெரிந்தது. சர்க்ளிப் பிளையரை விட்டு விரித்ததும் வந்துவிட்டது. அதன்பிறகு பேரிங் புல்லருக்கு மரியாதையாக ஏறி வந்தது.

அவர் ஃபோனை வைக்கவில்லை. “அப்போ எனக்கு மூணு மாசமாச் சம்பளம் வரல” என்றார். “யார்கிட்டயும் சொல்லல. அம்மா கேக்கவும் இல்ல. அந்த வாரம் பூரா தினம் ராத்திரி இங்க வந்து பேரிங்கப் பாருன்னு சொன்னாங்க. ஒரு பேரிங்குக்கு ஒரு வாரமா தம்பி? எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். கடைசி நாள் காசு குடுத்தாங்க, நான் வாங்கல.” டேப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், “சரி, புது பேரிங் என்ன போடப் போறீங்க?” என்று கேட்டார்.

போட்டது 6203. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த எண்ணுக்கு இந்த அளவுதான், அதனால் கோவை இயந்திரத்துக்கு ஜாலான் புசாரில் வாங்கலாம். பழையதில் இருபக்கமும் இரும்பு மூடி. நான் கேட்டு வாங்கியது இருபக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ். இரும்பு மூடி தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பொருத்துவதற்கு முன்னால் தண்டைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தேன், பேரிங் உட்காரும் கூட்டை ஹேர் டிரையரால் சூடாக்கினேன். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் தட்ட வேண்டும், கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தில் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் நடுவில் உள்ள குண்டுகள் அடி வாங்கும், புது பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும். சர்க்ளிப்பை அதே காடியில் மாட்டினேன். மேலே எண்ணெய் சீல் புதிது.

உருளைக் கற்கள் சுற்றுவது ஒரு பின்னைச் சுற்றி, கல்லுக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள உறை புஷ். இரண்டும் பெரியப்பா கடைந்தவை. புஷ் நைலான், பின் துருப்பிடிக்காத எஃகு. நைலான் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. மாவில் சாம்பல் நிறம் தெரிந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய புது புஷ் போட்டேன், உணவுக்கு ஏற்ற நைலானா என்று கேட்டுத்தான். பின்னைக் காலிப்பரில் அளந்தேன். இத்தனை வருடத்தில் தேய்ந்ததாகவே தெரியவில்லை. புது செட்டில் ஒரு பின்னும் வந்தது, அதை டிராயரில் போட்டுவிட்டுப் பழையதையே மாட்டினேன். இதில் பாசம் ஒன்றும் இல்லை, கப்பலுக்கு வெட்டிய எஃகு இது. புதுப் பின் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

அடுத்தது கல். அடிக்கல் வழுவழுவென்று ஆகியிருந்தது. ஊரில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு வருவார்கள். ஈசூனில் யார் கூவுவார்? மாதக் கடைசி ஞாயிறுகளில் நடக்கும் ரிப்பேர் கோப்பித்தியாம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-ல் ஆரம்பித்தது, பழுதான சாமானைக் கொண்டுபோனால் தொண்டூழியர்கள் நம்மோடு உட்கார்ந்து சரிசெய்யக் கற்றுக்கொடுப்பார்கள். நான் போனது மோட்டாரின் மின்காப்பை, அதாவது சுருளிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்பதை, அளப்பதற்கு. வேலையிடத்துக் கருவியைச் சொந்த வேலைக்கு எடுக்க எனக்கு இஷ்டமில்லை. 500 வோல்ட்டில் அளந்ததில் நல்ல அளவு வந்தது. மேசைக்கு எதிரே இருந்த சீன மாமா ஒருவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. கல்லைத்தான் தடவிக்கொண்டிருந்தார். “தேஞ்சு போச்சு” என்று மலாயில் சொன்னார். அவருடைய அம்மா பலகாரம் செய்து விற்றவராம். அரிசி அரைக்க வீட்டில் கைப்பிடி வைத்த கல் திரிகை இருந்ததாம், அதைக் கொத்துவது சின்ன வயதில் அவருடைய வேலை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களின் பத்து கிலிங்கையும், அதாவது அவர்களுடைய அம்மியையும், கொத்திக் கொடுத்து ஐந்து காசு பத்து காசு வாங்குவாராம்.

அவர் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். ஆழமாகக் குழி போடக்கூடாது. சின்னச் சுத்தியல், கார்பைடு முனை உளி, உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற வரிசைகளாக லேசாகப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். சுத்தியலின் கனத்தை விட்டு அடிக்க வேண்டும், கையின் பலத்தை அல்ல. உருளைகளில் கைவைக்கவே வேண்டாம், அடிக்கல்லில் பிடிப்பு வந்தாலே போதும் என்றார். கருங்கல் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது, அதனால் கல்லை ஈரமாகவே வைத்துக்கொண்டு, முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். வீட்டில் இந்தச் சத்தத்தைப் போட முடியாது. காக்கி புக்கிட்டில் நண்பனின் பட்டறையில் உட்கார்ந்து கொத்தினேன்.

நண்பன் பாத்திரத்தைப் பஃப் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பாத்திரத்தின் உள்சுவரில் ஆணியால் கீறிய கோடுகள் மூன்று இருக்கின்றன. கீழ்க்கோடு வீட்டுக்கு மட்டும். நடுக்கோடு ஞாயிற்றுக்கிழமைக்கு. மேல்கோடு தீபாவளி, தைப்பூசம், யாராவது ஊரிலிருந்து வந்து இறங்குகிற நாள். எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை, எந்தக் கோடு என்றுதான் கேட்பார். பஃப் வைத்தால் போயே போய்விடும். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்ததே போதுமான பளபளப்பு.

பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியர். 150 வாட் மோட்டார் இழுப்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. அதை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டேன். எர்த் பின்னுக்கும் பாத்திரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், இருந்தது. புதுக்கோட்டைத் தம்பி கம்பியை முடுக்கிய விதத்தைப் பார்த்தால் இன்னும் நீண்ட காலம் தாங்கும்.

கொத்திய கல்லில் நேராக மாவு அரைத்தால் பல் கூசும். மலிவான பச்சரிசியைக் கரகரப்பாக அரைத்துக் கொட்ட வேண்டும், வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கறுப்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடி அரைக்க வேண்டும். துணி சுத்தமாக வரும்வரை செய்தேன். என் மனைவி அந்த மூட்டை அரிசியைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதவில்லை. அரைத்ததைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், அடுத்த பதிவு குழாய் அடைப்பைப் பற்றியதாக ஆகிவிடும்.

முதல் நல்ல மாவு ஒரு சனிக்கிழமை மாலை. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். பெரியம்மா உளுந்தை முதலில் போட்டு, ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைப்பார். மிக்சியைப் போலக் கல் மாவைச் சூடாக்காது. பாத்திரம் நிமிடத்துக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது சுற்றுதான் சுற்றும், அந்த நிதானத்தில்தான் உளுந்து காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்குகிறது. ஆனாலும் இந்த ஊர் வெக்கைக்கு ஐஸ் இருந்தால் நல்லது. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. சிங்கப்பூரில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்தால் விடியுமுன் பொங்கிவிடும், ஊரில் மார்கழியில் சொல்கிற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. கரைத்து வைக்கும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

நான் நடுக்கோட்டுக்கு அரைத்தேன். மறுநாள் காலை அக்கா குடும்பத்தோடு வந்தாள், சின்ன மாமா வந்தார். “என் பெல்ட்ட மாத்திட்டியாமே” என்றார் வந்ததும். முதல் ஈட்டை எடுத்து வைத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது ஈட்டுக்குச் சண்டை வந்தது. பாக்கெட் மாவு போதும் என்ற அக்கா, இனி சனிக்கிழமை அரிசியை ஊறவைத்து டப்பாவில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிரைண்டர் யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சும் ஆரம்பித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

பேப்பர் டேப்பின் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஒட்டிவிட்டேன், ஈரத்தில் மார்க்கர் கரையாமல் இருக்க. பக்கத்தில் புதிதாக ஒரு துண்டு டேப்பில் பேரிங் எண், சீல் அளவு, ‘சர்க்ளிப் உண்டு, இழுக்காதே’ என்று எழுதியிருக்கிறேன்.

ஓடுகிற கிரைண்டரை வீடியோ எடுத்து மன்னார்குடி அண்ணனுக்கு அனுப்பினேன். இட்லியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “லேசா ஒரு டக் டக் கேக்குது, மோட்டார் புல்லி ஸ்க்ரூ லூசு. ஒரு சொட்டு லாக்டைட் விட்டு முடுக்குங்க” என்று குரல் செய்தி வந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன், அரைச் சுற்று முடுக்க இடம் இருந்தது.